புரிந்தவர்கள்: பதினொரு பேர்

பதினொரு பேரில் ஒருத்திகூடத் தேறவில்லை.

டுடோரியல் நோட்டை ராக்கப்பன் புரட்டிப் பார்த்தான். தினமும் அவன் கையெழுத்தில் ஒரே வரிதான். 'புரிந்தவர்கள்: பதினொரு பேர். புரியாதவர்கள்: இல்லை.'

முதலாளி அந்த வரியில் விரலை வைத்தார்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதுன்னு நீதான எழுதியிருக்க. அப்ப கேசட்டுல குறையில்ல. புள்ளைக மண்டையிலதான் குறை. என்ன?"

"ஆமாண்ணாச்சி."

தொண்ணூற்றிரண்டில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அது புதுசு, வீடியோ டுடோரியல். பத்தாவது கணக்கில் தவறிய பெண்களுக்கு டி.வி.யில் பாடம். கேசட்டைப் போட வேண்டும். முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டு நோட்டில் எழுத வேண்டும். மூன்று வருடம் வேலையில்லாமல் இருந்த பி.எஸ்ஸி. கணக்குக்காரன் ராக்கப்பனுக்கு அவ்வளவுதான் வேலை.

"நீ போர்டுல எழுதுறதுக்கா மெட்ராஸ்ல இருந்து கேசட் வாங்குனேன்?" என்று முதல் நாளே முதலாளி சொல்லிவிட்டார்.

கேசட்டில் கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்த முகமாய், தடங்கலில்லாமல் பேசுவார். எண்கள் நாலு பக்கமிருந்தும் பறந்து வரும். ரோஜாப்பூ விரியும், உள்ளேயிருந்து விடை எட்டிப் பார்க்கும். பின்னணியில் வீணை. பூவைப் பார்த்துக்கொண்டிருந்து ராக்கப்பனே இரண்டு வரியைத் தவற விட்டிருக்கிறான்.

மறுநாள் காலை, அந்தப் பதினொரு பேரில் ஒருத்தியான நாச்சியாரைப் பார்க்க மம்சாபுரத்துக்குப் பஸ் ஏறினான். இறங்கும்போதே அவளைப் பார்த்துவிட்டான். தூக்குச்சட்டியோடு ஸ்டாப்பில் நின்றாள். வகுப்பில் எல்லோருக்கும் முந்தி "புரிஞ்சுது சார்" என்பவள் அவள்தான். பாஸானால் நர்ஸ் பயிற்சிக்கு எழுதிப்போட இருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"ராஜபாளையம் சார். மில்லுக்கு. இன்னைக்குத்தான் சேருறேன்."

"மார்ச்சுல திரும்ப எழுதலாமே."

"ஒரு தடவதான்னு சொல்லித்தான் எங்கப்பா விட்டாக. அதுக்கே ரெண்டு நாள் சாப்பிடாமக் கெடந்தேன்."

அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

"தெனமும் புரிஞ்சுது புரிஞ்சுதுன்னு சொன்னியே. என்னதான் புரிஞ்சுது?"

"பூ நல்லா இருந்துச்சு சார்."

"வெளையாடாத நாச்சியார்."

"நெசமாத்தான் சார். அந்தக் கோட்டு சார் பேசையில எல்லாம் புரியுற மாதிரியே இருக்கும். வீட்டுக்குப் போயி நோட்டத் தொறந்தா கையி ஓடாது. ஒரு நாள் கரண்ட் போயி, நீங்க வாசலப் பாத்துப் பாத்து போர்டுல காரணிப்படுத்துறது சொல்லிக் குடுத்தீகளே, பரீட்சையில அது ஒண்ணுதான் முழுசாப் போட்டேன். மாஜிதாவும் அதத்தான் போட்டிருக்கா."

பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"பொறவு தெனமும் கரண்ட் போகணும்னு நம்ம ஸ்ரீவில்லிபுத்தூரு திருவண்ணாமலைப் பெருமாளுக்கு நேந்துக்கிட்டோம். அவருக்கும் கேக்கல."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன? பதினொரு பேர்ல ஒருத்திக்குமா வாயில்ல? புரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மொதலாளிகிட்டப் பேசியிருப்பேன்ல. பொய் சொல்லிச் சொல்லி ஒங்க வாழ்க்கைய நீங்களே கெடுத்துக்கிட்டீங்க."

மில் பஸ் வந்து நின்றது. நாச்சியார் தூக்குச்சட்டியைக் கை மாற்றிக்கொண்டு படியில் ஒரு காலை வைத்தாள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"ஒங்களுக்கு முந்தி அய்யூப் சார் இருந்தாக. நாங்க அஞ்சு பேரு புரியலன்னு சொன்னோம். அவுகளும் அப்படியே நோட்டுல எழுதிட்டாக. சாயங்காலம் மொதலாளி நோட்டப் பாத்தாரு. மறுநாள் அவுக நின்ன எடத்துல நீங்க நிக்கீக."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்த அன்னைக்கு, 'மூணு வருசம் அலைஞ்சு கெடச்ச வேலை'ன்னு சொன்னீகளே சார். அன்னைக்குத்தான் பதினொரு பேரும் பேசி வச்சுக்கிட்டோம், இனிமே ஒருத்தியும் புரியலன்னு சொல்லக் கூடாதுன்னு."