கேஜ் வாய் வைத்த இடம்

ஒரு மீன் கடையில் இருந்த ஃப்ரீசரில் குளிர் குறைந்துகொண்டே வந்தது. அழுத்தம் பார்க்கும் கேஜ் ஒவ்வொரு முறையும் வந்து, வால்வில் வாய் வைத்துப் பார்த்து, "கேஸ் குறைவு" என்று சொல்லும். கேஸ் ஏற்றுவார்கள். மறுபடியும் குறையும்.

இந்த முறை கேஜுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏய் கம்ப்ரசர், மொத்தத்தையும் நீதானே குடிக்கிறே? இன்னைக்கு உன்னைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்றேன்."

"நான் எங்கே அண்ணே குடிக்கிறேன்? சுத்தி விடுறேன், அவ்வளவுதான்," என்று கம்ப்ரசர் நடுங்கியது. "எதுக்கும் கசிவு கண்டுபிடிக்கிற சோப்பு நுரையை ஒரு தடவை கேளுங்க."

"ஊதினா உடையிற ஆளு! அவனுக்கு என்ன தெரியும்?"

நுரை குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் உட்கார்ந்து பார்த்தது. எங்கும் கேஸ் கசியவில்லை.

"கொஞ்சம் நகருங்கண்ணே. நீங்க வாய் வைக்கிற இடம் மட்டும் பாக்கி."

கேஜ் நகர்ந்தது. நுரை வால்வில் உட்கார்ந்ததுமே ஒரு குமிழ் புடைத்து உடைந்தது. உடனே இன்னொன்று புடைத்தது.

"நீங்க வந்து வந்து அழுத்தினதுல வால்வை அடைச்சு வைக்கிற ஊசி தேய்ஞ்சு போச்சுண்ணே."

கேஜின் முள் பூஜ்யத்தில் நின்றது.

"நான் பார்க்கத்தானே வந்தேன்," என்றது.