மாற்று இடம்

"நமக்கு வரப்போற வீட்டை எதிர்த்து நீயே மனு எழுதிக் குடுத்தியா? உன் கையாலயா?"

புருஷன் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்.

"ஒண்ணு இல்லய்யா, நூத்திப் பன்னெண்டு" என்றாள் அக்கா, நிதானமாக.

அக்காவுக்கு ஏரிக்கு எதிரே உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான். எழுபது வயசுக்காரரும் "அக்கா, குப்பை!" என்றுதான் குரல் கொடுப்பார்.

வீடில்லாத துப்புரவுப் பணியாளர்களுக்கு ஏரிக்கரையில் அறுபது வீடு கட்டித் தருவதாக நகராட்சி அறிவித்திருந்தது. பட்டியலில் அக்கா பதினொன்றாவது. இப்போது இருக்கும் ஒற்றை அறையையோ அடுத்த மாதம் காலி செய்தாக வேண்டும். மூன்று பிள்ளைகள்.

அறிவிப்பு வந்த அன்றே குடியிருப்பு கொதித்து எழுந்துவிட்டது. நீச்சல்குளத்து ஓரமாக அவசரக் கூட்டம். சங்கச் செயலாளரின் கையில் மைக் ஏறினால் பேட்டரி சாகும்வரை இறங்காது. அதனால் அவர் 'மைக் சார்'.

"ஹலோ... ஹலோ... கேக்குதா? ஐயாயிரம் கிலோமீட்டர் பறந்து வருது சார் ஒரு நாரை! நம்மள நம்பி வருது! வந்து பார்த்தா இடமில்லன்னா அது என்ன நினைக்கும்?"

"அழுதுடும் சார்" என்றார் பறவைகளைப் படம் பிடிக்கும் பல் டாக்டர். 

"நிலத்தடி நீர் என்னாகுறது?" என்று பொங்கினார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். தினமும் இரண்டு காரையும் குழாய் போட்டுக் குளிப்பாட்டுகிறவர் அவர்.

"ஏழைங்க மேல நமக்கு ஒரு கோபமும் கிடையாதுங்க. வேற எங்கயாவது கட்டட்டும், நானே வந்து ரிப்பன் வெட்டுறேன்" என்றார் மூன்றாம் மாடி அம்மா.

எந்தப் பறவை எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று அங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். அக்கா எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்றுதான் ஒருத்தருக்கும் தெரியாது.

நூற்றுப் பன்னிரண்டு வீட்டாரும் ஆட்சேபப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நகராட்சி அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டது. ஏழாவது கட்டம் காலி. 'இங்கே வேண்டாம் என்றால் மாற்று இடம் எது?' அதை நிரப்பாத ஆட்சேபம் செல்லாதாம். அன்றைக்குத்தான் கடைசி நாள்.

மைக் சார் படிவக் கட்டோடு ஓடிவந்தார்.

"ஏம்மா, உனக்கு எழுதத் தெரியுமா?"

"பத்தாவது பாஸ் சார்."

"அப்பாடா! எல்லாத்துலயும் ஏழாவது கட்டத்துல மேடா ஒரு இடத்தை எழுதிடு."

"எந்த இடம் சார்?"

"உனக்குத் தெரிஞ்ச இடம் எதையாவது எழுதேன்மா! அதையெல்லாம் யாரு உக்காந்து படிக்கப் போறா?"

அக்கா உட்கார்ந்தாள். விரல் மரத்துப்போகும்வரை எழுதினாள். அதைத்தான் இப்போது வீட்டில் சொல்லித் தொலைத்திருந்தாள்.

"அவங்க எதுக்காகச் சொன்னாலும் சரி, ஏரி ஏரிதான்யா. மழை வந்தா பிள்ளைங்களைக் கட்டில்ல ஏத்திட்டு நாம முட்டித் தண்ணியில நிக்கணும்."

"நிப்போம்! சொந்த வீட்டுல நிப்போம்! அடுத்த மாசம் நடுத்தெருவுல நிக்கப்போறமே, அது தேவலையா?"

அக்கா எழுந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். அவர் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

விசாரணை அன்று நகராட்சி மண்டபம் முழுக்கக் குடியிருப்புக்காரர்களின் பச்சைத் தொப்பிகள். கடைசி வரிசையில் அக்கா, பக்கத்தில் உர்ரென்று புருஷன். மைக் சார் முக்கால் மணி நேரம் பேசினார். நடுவில் நாரை மாதிரிக் கத்தியும் காட்டினார்.

திட்ட அலுவலர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"உங்க ஆட்சேபம் நியாயமானது. ஏற்கறோம். ஏரிக்கரையில கட்டப்போறதில்லை."

மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. பல் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போச்சா? குளுகுளுன்னு இருக்கா?" என்று பல்லைக் கடித்தார் புருஷன்.

"அதைவிட, இப்படி ஒரு பெரிய மனசை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்லை" என்றார் அலுவலர். "ஏழாவது கட்டத்துல எல்லாரும் 'ஊருக்கு வெளியே எங்காவது'ன்னுதான் எழுதுவாங்க. நீங்க நூத்திப் பன்னெண்டு பேரும் ஒரே இடத்தைச் சொல்லியிருக்கீங்க."

"எங்க ஒத்துமை அப்படி மேடம்" என்று குழைந்தார் மைக் சார்.

அலுவலர் உரக்கப் படித்தார்:

"'எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் நாங்கள் வேலி போட்டு டென்னிஸ் ஆடிவரும் நகராட்சி நிலம். நல்ல மேடு. தண்ணீர் நிற்காது. மனதார விட்டுக்கொடுக்கிறோம்.' போய் அளந்துட்டோம். எங்க நிலமேதான். அறுபது வீடு தாராளமா வரும்."

மண்டபத்தில் பச்சைத் தொப்பிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. புருஷன் மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா உச்சியில் சுற்றும் மின்விசிறியைத்தான் ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக் சார் வாழ்க்கையில் முதல்முறையாகத் தானாகவே மைக்கைக் கீழே வைத்தார். மேஜைக்கு அருகில் போய்க் குனிந்தார்.

"மேடம்... அந்த ஆட்சேபம்... வாபஸ் வாங்கிக்கலாமா?"

"வாங்கினா பழையபடி ஏரிக்கரையிலதான் கட்டணும். அந்தப் பறவைங்க?"

"அதுங்களுக்கு என்ன மேடம், றெக்கை இருக்குல்ல? வேற எங்கயாவது போய்க்கட்டும்!"