பதினேழாம் வில்லோ செடி

எங்கள் டன்ட்ரா ஊரில் செத்தவர் பெயரை யாருக்கு வைக்கிறோமோ அவர் செத்தவரேதான். உறவு சொல்லித்தான் கூப்பிடவேண்டும். அது தெரிந்தும் என் வீட்டுக்காரர் சிமியோனி, ஆராய்ச்சிக்காரர்களுக்காக வருஷாவருஷம் தான் அளக்கும் பதினேழாம் வில்லோ செடிக்கு செத்துப்போன என் அம்மா உலாயுவின் பெயரை வைத்தார். அம்மா குள்ளம், செடியும் கணுக்கால் உயரம். அதுதான் கிண்டல்.

சூடு ஏற ஏற எல்லாச் செடியும் வளர்ந்தது. பதினேழு இடுப்பளவு வந்தது. அதோடு வீட்டையும் நெருங்கியது. முதல் கோடையில் கதவிலிருந்து நாற்பது அடி, அடுத்ததில் இருபத்தாறு, போன கோடையில் ஒன்பது. அளக்கிற டேப்தான் பழுது என்று ஆராய்ச்சிக்காரர்கள் புதுசு அனுப்பினார்கள்.

"அடையாளக் கம்பி நட்ட இடத்துலயேதான் இருக்கு. செடிதான் அங்க இல்ல," என்றார் சிமியோனி.

"அம்மாவுக்கு முட்டிவலி. மெதுவாத்தான் வருவா," என்றேன்.

"தாழ்ப்பாள் போடட்டுமா?"

"இந்த ஊர்ல எவன் போடறான்? வர்றவங்க தட்டாம உள்ள வந்து உக்கார்ற ஊரு இது."

இன்று காலை படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தது சன்னலோர நாற்காலியில். அம்மா இருந்தவரை அது அவருக்குக் கிடைத்ததே இல்லை. கதவு தானாகத் திறந்தது. நிமிர்ந்து பார்த்தார். தூரம் என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டார். எழுந்து நின்றார்.

"உக்காருங்கத்தே," என்றார்.