உள்ளுக்குள் ஒரு பற்றரி

"கடையில நிக்கிறவனுக்குக் கோவம் வந்தா, முதல்ல போய்..." என்று முனாபின் வாப்பா அடிக்கடி சொல்வார். முதலில் போய் முகம் கழுவச் சொன்னாரா, தேத்தண்ணி குடிக்கச் சொன்னாரா, முனாபுக்கு மறந்துவிட்டது.

முன்னால் நின்ற அழகரத்தினம் வாத்தியார் இரண்டுக்கும் நேரம் தரவில்லை.

"போன மாசம் உன்னட்டத்தானே இந்த லெப்டொப்பைத் திருத்தக் கொண்டுவந்தன்? வீட்ட கொண்டுபோய்ப் போட்டா, கறுப்புத் திரையில நாலு வெள்ளை எழுத்து. அங்கால போகுதில்லை. மகள்தான் பழுதாக்கினவள் எண்டு அவளுக்கு அடியும் போட்டன்."

"நேரம் கேட்டு நிக்கிது சேர். திறந்து பாப்பம்."

வாத்தியாரின் மனைவி சீதேவிப்பிள்ளை பின்னால் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். ஆற்றுக்கு அப்பால் பழுகாமத்திலிருந்து காலையில் வெளிக்கிட்டவர்கள். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி நடந்த களைப்பு முகத்தில் கிடந்தது.

முனாப் லெப்டொப்பைக் கவிழ்த்து, ஒற்றை ஆணியைக் கழற்றி, அடி மூடியைத் தூக்கினான்.

"இதுக்குள்ள ஒரு சின்னப் பற்றரி இரிக்கும் சேர். நேரத்தை மறக்காம வெச்சிருக்கிறது அதுதான். காணல்ல."

"கால் முளைச்சுப் போச்சோ?"

"தெரியா சேர்."

"எனக்குத் தெரியும். இதைத் திறந்தவன் நீ ஒருத்தன்தான். ஒண்டில கழட்டி இன்னொண்டுக்குப் போடுறாய்."

"வல்லாஹி, நான் எடுக்கல்ல."

"சத்தியம் வேற! நில், இந்த அறைக்காரரைக் கூட்டிட்டு வாறன். இனி எப்பிடி இதுக்குள்ள கடை நடத்துறாய் எண்டு பாப்பம்."

அறையின் சொந்தக்காரர் வினாயகமூர்த்திக்கு அதே தெருவில் புடவைக் கடை. அந்த நாட்களில் மட்டக்களப்பு டவுணில் ஒரு தமிழர் காத்தான்குடி முஸ்லிம் ஒருவனை நம்பி அறை கொடுப்பது சின்ன விஷயமில்லை. கொடுக்கும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: களவு, பொய் என்று ஒரு முறைப்பாடு வரக்கூடாது.

வாத்தியார் படியிறங்கியதும் சீதேவிப்பிள்ளை மேசையோடு நெருங்கினாள்.

"தம்பி, நான்தான் எடுத்தன்."

முனாப் நிமிர்ந்தான்.

"போன முறை நீங்க திறந்து துடைக்கக்குள்ள பாத்தன். வெள்ளிக்காசு மாதிரி. என்ன அதெண்டு கேட்டதுக்கு, பற்றரி எண்டீங்க."

"ஓம், சொன்னன்."

"சண்டை திரும்பத் தொடங்கிட்டு. ஆத்துக்கு அங்கால பற்றரி கொண்டுபோக விடுறாங்களில்லை, குண்டு செய்யப் போகுமாம். பெரிய பற்றரி வெளியில தெரியிது, காட்டினா விடுவான். இது உள்ளுக்க ஒளிச்சு வெச்ச மாதிரிக் கிடக்கே. ஆமி கண்டா அவரை என்ன செய்வான்?"

"அக்கா, அது எல்லா லெப்டொப்பிலயும் இரிக்கு. அவனுக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாதே தம்பி. எண்ட அண்ணன் முந்தி டோர்ச்சுக்கு ரெண்டு பற்றரி இடுப்பில சொருகிக்கொண்டு போனவர். இன்னும் வரல்ல."

பஸ் நேரம் சொல்வதுபோல் அதைச் சொன்னாள்.

"பஸ்சுக்கு நிக்கக்குள்ள அவர் வெத்திலை வாங்கப் போனார். ஒரு ஆணிதானே. சில்லறைக் காசால திருகினன். ஆத்துக்குள்ள எறிஞ்சிட்டன்."

"சேர்ட்டச் சொல்லுங்களேன், உங்களுக்காகத்தான் செஞ்சன் எண்டு."

"நம்பமாட்டார். மகளைக் காப்பாத்தப் பொய் சொல்லுறன் எண்டு அவளுக்கு இன்னும் விழும். முதல் அடிக்கே அவளுக்கு ஒரு காது இரையுதாம்."

முனாப் லாச்சியை இழுத்துப் புதுப் பற்றரி ஒன்றை எடுத்துப் பொருத்தினான். திகதியைப் போட்டான், நேரத்தைப் போட்டான். லெப்டொப் சின்னப் பாட்டோடு எழும்பியது.

படியில் செருப்புச் சத்தம். அழகரத்தினம் முன்னால், வினாயகமூர்த்தி பின்னால். புடவை அளக்கிற கோல் இன்னும் அவர் கையில் இருந்தது.

"முனாப், நீ பற்றரி களவெடுத்திட்டாய் எண்டு வாத்தியார் சொல்லுறார். நான் நம்பல்ல. இல்லை எண்டு ஒரு வார்த்தை சொல்லு, இவரை நான் அனுப்பிவிடுறன்."

"சொல்லட்டும்," என்றார் அழகரத்தினம். "இவன் எடுக்கல்லையெண்டா வீட்டுக்குள்ளதான் நடந்திருக்கோணும். அதை நான் போய் விசாரிக்கிறன்."

சீதேவிப்பிள்ளை வாயைத் திறந்தாள்.

அதற்குள் முனாப் சொன்னான்: "நான்தான் எடுத்தன் முதலாளி. அறையை நாளைக்கு விட்டுத் தாறன்."