பதினோராம் இடம்

"அந்த ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட ராஜினாமா வாங்காம இன்னிக்கு நான் ஆத்துக்குத் திரும்பறதா இல்லை!"

லக்ஷ்மிநாராயணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கர்ஜித்தார். கர்ஜனைக்கு நடுவிலும் முகத்தில் சிரிப்பு வழிந்தது. பாவம், மனுஷன் என்ன பண்ணுவார்? கோபம், சந்தோஷம் ரெண்டும் ஒன்றாக வந்து தொலைத்தால்!

நேற்று ரிசல்ட். மகள் சுப்ரியா சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் எண்பத்தொரு சதவீதம். பாலிகஞ்ச் ஃப்ளாட்டில் ஒரு வீடு விடாமல் மாம்பழ சந்தேஷ் ஸ்வீட் போயாயிற்று. தெருமுனை கிளப் பையன்கள் பூங்கொத்தோடு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

இன்று காலை பேப்பரில் பள்ளிகளின் தரவரிசை. போன வருஷம் மூன்றாம் இடத்தில் இருந்த நம் பள்ளிக்கூடம் பதினோராம் இடம். ரெண்டே ரெண்டு பேர் ஃபெயில். நூறு சதவீதம் போச்சு, மானமும் போச்சு.

'நம் பள்ளிக்கூடம்' என்று அவர் சொல்வதில் அர்த்தம் உண்டு. கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த தமிழர்கள் அந்தக் காலத்தில் காளிகாட் பக்கம் ஆரம்பித்த பள்ளி அது. இவர் அதன் கமிட்டி செக்ரட்டரி. பேரன்ட்ஸ் மீட்டிங், மார்க் கார்டு கையெழுத்து எல்லாம் மனைவி லதாவின் இலாகா. ஐயா கமிட்டி மீட்டிங்குக்கு மட்டும்தான் போவார். அங்கேதானே மைக் கொடுப்பார்கள்!

"நீயும் கிளம்புடி சுப்ரியா. நம்ம ஸ்கூல் பொண்ணுன்னா எப்படி இருக்கணும்னு எல்லாரும் பாக்கட்டும்."

"வேண்டாம்ப்பா. மேடத்தை ஒண்ணும் சொல்லாதே, ப்ளீஸ்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த சந்தேஷ் டப்பாவை எடுத்துக்கோ."

பள்ளிக்கூடத்தில் கமிட்டி கூடியிருந்தது. வாசல் வரை பெற்றோர் கூட்டம். தலைவர் மஹாதேவனுக்கு எதிரே ஹெட்மிஸ்ட்ரஸ் அமலா அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

சண்டைக்கு முன்னால் சந்தேஷ்.

"என் பொண்ணு! எண்பத்தொண்ணு! ஜனவரியிலேர்ந்து கார்த்தால ஆறு மணிக்கே ஸ்கூலுக்கு ஓடிடுவா. ஒருநாள் நான் எழுப்பினதில்லை. விளையும் பயிர் முளையிலேயே தெரியும்னு சும்மாவா சொன்னா?"

கைதட்டல் அறையை நிறைத்தது. அமலாவும் தட்டினார்.

"ரொம்ப சந்தோஷம்மா சுப்ரியா."

லக்ஷ்மிநாராயணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இப்போ விஷயத்துக்கு வருவோம் மேடம். ஜனவரியில இந்தக் கமிட்டி ஒரு தீர்மானம் போட்டது. நான்தான் கொண்டுவந்தேன். போர்டு பரீட்சைக்கு முன்னாடி ஸ்கூல்ல வைக்கற ப்ரீ-போர்டுல ரெண்டு சப்ஜெக்ட் கோட்டைவிட்டவாளுக்கு ஹால் டிக்கெட் கிடையாது, டி.சி.யைக் கொடுத்து அனுப்புங்கோன்னு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். பதினாலு பேர் இருந்தாங்க. பதினாலு பேருக்கும் ஹால் டிக்கெட் கொடுத்தேன்."

"பாத்தேளா! வாய் கூசாம சொல்றா!"

"பன்னிரண்டு பேர் பாஸ் சார். அதை இதுவரைக்கும் யாருமே கேக்கலை. மீதி ரெண்டு பேரும் ஜூலையில திரும்ப எழுதுவாங்க. அவங்களுக்கும் காலையில நான் சொல்லித் தருவேன்."

"சொல்லித் தர நீங்க இங்கே இருந்தாத்தானே!"

கூட்டத்தில் சிரிப்பு. லக்ஷ்மிநாராயணனுக்கு உச்சி குளிர்ந்தது.

மஹாதேவன் சங்கடத்தோடு நெளிந்தார். "மேடம், தீர்மானத்தை மீறினது தப்புதான். நீங்களே ராஜினாமா கொடுத்துட்டா கௌரவமா இருக்கும்."

அமலா பேனாவைத் திறந்தார். இருபது வருஷ வேலை.

"எழுதித் தரேன் சார். ஆனா அடுத்த வருஷம் இந்த நாற்காலியில யார் உட்கார்ந்தாலும், தோத்த பிள்ளையை வெளியே தள்ளாதீங்கன்னு அவங்ககிட்டயும் வந்து சொல்லுவேன்."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை!" லக்ஷ்மிநாராயணன் மேஜையைத் தட்டினார். "அதுக்கு முன்னாடி அந்தப் பதினாலு பேர் யாருன்னு சபையில சொல்லிட்டுப் போங்கோ. ஸ்கூல் பேரைக் கெடுத்த முகங்களை நாங்களும் பாக்கறோம்!"

"அது மட்டும் முடியாது சார். பிள்ளைங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"ஏன்? பயமா?"

"வேலை போனாப் போகட்டும். என் வாயால அந்தப் பேர் வராது."

"பாத்தேளா, எல்லாரும் பாத்துக்கோங்கோ!" ஜெயித்துவிட்ட பெருமிதத்தோடு அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். நாலைந்து பேர் பலமாகத் தலையாட்டினார்கள். யாரோ 'சரியான போடு' என்றார்கள்.

"நான் சொல்றேம்ப்பா."

சுப்ரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். குனிந்து அமலாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அமலா 'வேண்டாம்மா' என்று பதறிக் கையைப் பிடிக்க, அந்தக் கையை விடாமலேயே அப்பாவைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.

"மத்தவா பேரை அவாவா சொல்லிக்கட்டும். என் பேர் சுப்ரியா லக்ஷ்மிநாராயணன். ப்ரீ-போர்டுல மேத்ஸ் பதினேழு, சயன்ஸ் இருபத்தொண்ணு."