பெட்டி நிறையக் கோதுமை

பட்டறையிலிருந்து வந்ததும் வராததுமாக, சுடலை மகளின் மொபைலைத்தான் எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி கோகிலா, இன்னைக்கு எவ்வளவு கோதுமை சேந்திருக்கு?"

அவர் கைநீட்டி அடித்ததில் மகன் முத்துசெல்வம் தாராவி வீட்டைவிட்டுப் போய் நாற்பது நாளாகிறது. வடாலா, வாஷி என்று தேடாத இடமில்லை. அவன் போன் சுவிட்ச் ஆஃப். மிஞ்சியது, கட்டைகளை அடுக்கி வீடும் வயலும் கட்டுகிற அந்த கேம்தான். அதற்குள் அண்ணனும் தங்கையும் தவிர வேறு யாரும் நுழைய முடியாது. அங்கே அவன் போட்ட கோதுமை வயல் தினமும் அறுவடையாகி, பக்கத்துப் பெட்டி நிறைந்துகொண்டே வந்தது. எங்கிருந்தோ வந்து மகன்தான் அறுத்துவிட்டுப் போகிறான் என்ற நினைப்பில்தான் சுடலைக்குச் சோறு இறங்கியது.

கோகிலா பெட்டியைத் திறந்தாள். ஒரு கதிர்கூட இல்லை.

"காலியா? ஐயோ, எம்புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சுட்டி!" சுடலை தலையில் அடித்துக்கொண்டு தரையில் சரிந்தார்.

கோகிலா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் ஒண்ணை மறைச்சுட்டேன். இந்த வயல்ல விதைக்கிறதும் மெஷின், அறுக்கிறதும் மெஷின். அண்ணன் அப்படித்தான் செட் பண்ணி வச்சிருந்தான். இத்தனை நாளும் அவன் இங்க வரவே இல்லை."

சுடலை தலையை நிமிர்த்தி மகளையே வெறித்தார்.

"அழாதீங்கப்பா. பெட்டியை நான் தொடவே இல்லை. மெஷினுக்குப் பெட்டியில போடத்தான் தெரியும். எடுக்கணும்னா ஆள்தான் வரணும்."