இபு சுமிராவின் பன்னிரண்டு மணி

"இனிமே அந்த எட்டாம் வகுப்புக்கு என்னைப் போடாதீங்க, பாக். வேணும்னா ஏழாம் வகுப்புல ரெண்டு மணி கூடவே எடுத்துக்கறேன்."

சொல்லிவிட்டு இபு ஹர்தி டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். பாக் விரியோவுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆசிரியைகளை 'இபு' என்றும் ஆசிரியர்களை 'பாக்' என்றும் மரியாதையாக அழைக்கும் அந்த மலையூர்ப் பள்ளியில் யார் வராவிட்டாலும், அவருடைய வகுப்பை யார் எடுப்பது என்று அட்டவணை போடுவது அவர் வேலை. கணக்கு ஆசிரியை இபு சுமிரா இறந்து நாற்பதாம் நாள் சடங்குகூட இன்னும் ஆகவில்லை. அதற்குள் எட்டாம் வகுப்பில் அவருடைய வாரப் பன்னிரண்டு மணி யாருக்கும் வேண்டாததாகிவிட்டது.

மூலை மேஜையில் வெனிங் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். கண்தான் நோட்டில், காது இங்கே. ஒன்பது வருஷமாக இங்கே பாடம் நடத்துகிறாள். சான்றிதழ் மட்டும் கிடையாது. வாரத்துக்கு ஆறே மணி. பன்னிரண்டுக்குக் குறைந்தால் இந்தப் பருவத்தோடு பெயரை எடுத்துவிடுவோம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் கிடையாது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. சான்றிதழ் உள்ளவர்களுக்குத்தான் முதல் உரிமை. அவர்கள் அத்தனை பேரும் கை விரித்தால்தான் இல்லாதவளுக்கு வரும்.

முதலில் போனவர் பாக் குனாதி. அவர் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்தார்களாம். அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்து, "காலை வணக்கம், இபு சுமிரா" என்று ஒரே குரலில் சொன்னார்களாம். மனிதர் மணி அடிக்கும்வரை நாற்காலியில் உட்காராமல் நின்றுவிட்டு வந்தார். மறுநாள் முதுகுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"உங்களுக்கும் அப்படித்தான் வணக்கம் சொன்னாங்களா?" என்று பாக் விரியோ இபு ஹர்தியிடம் கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. அதுதான் பயமே. வாயைத் திறக்காம உக்காந்திருந்தாங்க. நான் பலகையில கணக்கு எழுதத் திரும்புறேன், பின்னாடி மேஜை மேல மோதிரத்தால டக், டக். ரெண்டே தட்டு. சுமிரா பாடம் ஆரம்பிக்கறப்ப தட்டுவாங்களே, அதே மாதிரி. அவங்க தேய்க்கிற தைல வாசனை வேற."

ஆசிரியர் அறை ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. அடுத்த முறைக்காரர் பாக் செனோ, யாரும் கேட்பதற்கு முன்பே தனக்குப் பிள்ளை குட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

பாக் விரியோ பெருமூச்சு விட்டு மூலைப் பக்கம் திரும்பினார். "வெனிங், நீ போறியாம்மா? கட்டாயம் இல்ல."

"எனக்கு ஒண்ணும் பயமில்ல, பாக். இபு சுமிரா என்னை நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க."

அவர் அலமாரியைத் திறந்து எட்டாம் வகுப்பின் பதிவேட்டை எடுத்தார். அவள் கண் முன்னால் புதுப் பக்கத்தில் தேதி போட்டார். ஒரு கட்டம் ஆசிரியர் கையெழுத்துக்கு, பக்கத்துக் கட்டம் வராதவர்கள் பெயருக்கு.

"ஒவ்வொரு மணிக்கும் மறக்காம கையெழுத்துப் போடு. கையெழுத்து இல்லேன்னா அந்த மணி உன் கணக்குல வராது. நாளைக்கு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

வெற்றுப் பக்கத்தை மூடி, பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெனிங் கிளம்பினாள். ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக அவள் கால்கள் தரையில் பாவவில்லை.

எட்டாம் வகுப்பில் பிள்ளைகள் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வெனிங் கதவைச் சாத்தினாள். அதன் பிறகுதான், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த சிரிப்பை வெளியே விட்டாள். பையிலிருந்து சூடான தெம்பே என்னும் சோயா வறுவல் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"போதும் கண்ணுங்களா, இனிமே நடிக்க வேண்டாம். மூணு பேரும் ஓடியே போய்ட்டாங்க. நான் வணக்கம் சொல்றதுக்குத்தானே சொல்லிக் கொடுத்தேன்? மோதிரத்தால தட்டுறது, தைல வாசனை, இதெல்லாம் யாரோட யோசனை?"

ஒரு கையும் பொட்டலத்துக்கு நீளவில்லை. வகுப்புத் தலைவி ரஹாயு மட்டும் நிமிர்ந்தாள். அந்தப் பெண்ணின் உதடு வெளுத்திருந்தது.

"பாக் குனாதி வந்த அன்னிக்கு மட்டும்தான் நீங்க சொன்ன மாதிரி செஞ்சோம், இபு. அப்புறம் செய்யல."

"ஏன்?"

ரஹாயுவின் கண் வெனிங்கின் தோளைத் தாண்டி எங்கோ இருந்தது.

"மெதுவாப் பேசுங்க இபு. பாடம் நடந்துட்டிருக்கு."

டக், டக்.

வெனிங் திரும்பவில்லை. திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. எப்படியாவது இந்த ஒரு மணிக்காவது கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே ஓடிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. அக்குளிலிருந்து பதிவேட்டை உருவி, அந்தப் புதுப் பக்கத்தைத் திறந்தாள்.

ஆசிரியர் கட்டத்தில், மை இன்னும் காயாமல், இபு சுமிராவின் கையெழுத்து இருந்தது. வராதவர்கள் கட்டத்தில் ஒரே ஒரு பெயர்: வெனிங்.